யார் காசு, யார் கை?

பெங்களூரின் மருத்துவ வரலாறு என்று பேச்செடுத்தால் ஒரு கதை தயாராக இருக்கிறது. தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் பகுதியில் வெள்ளைக்காரப் படை வந்து இறங்கியது. படையோடு சர்ஜன்கள் வந்தார்கள். சர்ஜன்களோடு விஞ்ஞானம் வந்தது. அதுவரை வேப்பிலையும் மந்திரமுமாகக் கிடந்த ஊருக்கு ஆஸ்பத்திரியைக் கட்டிக் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களோ ஊசியைக் கண்டு ஓடினார்கள், பிளேக்குக்கு அம்மன் கோவில் கட்டினார்கள். அத்தனையையும் பொறுத்துக்கொண்டு துரைமார் நம்மைப் பிழைக்க வைத்தார்கள். பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் தொடங்கிப் பள்ளிக் கட்டுரைப் போட்டி வரை இதே கதைதான். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர் வீடுகளில்கூட "வெள்ளைக்காரன் வரலேன்னா பௌரிங் ஆஸ்பத்திரி ஏது, விக்டோரியா ஆஸ்பத்திரி ஏது?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு.

இதில் உண்மையே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பசு அம்மைப்பால், குளோரோஃபார்ம், கிருமிநாசினி, நுண்ணோக்கிக்கு அடியில் நோயைத் தேடும் வழக்கம் இவையெல்லாம் ஐரோப்பாவில் வளர்ந்து கப்பலேறி வந்தவை. அதை மறுப்பவர் வரலாற்றை மறுக்கிறார். கேள்வி வேறு. வந்த சரக்கை இந்த மண்ணில் பலிக்க வைத்தது யார், செலவைக் கொடுத்தது யார், பலித்த பிறகு கல்வெட்டில் ஏறியது யார் பெயர் என்று பிரித்துப் பார்த்தால், 'கொடை' என்ற சொல் நிற்க இடமில்லாமல் போகிறது.

தண்டிலிருந்தே தொடங்கலாம். 1799-இல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் முகாமிட்டது. காவிரித் தீவு, சுற்றிலும் தண்ணீர், வயல், கொசு. சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். படையோடு இருந்த சர்ஜன்களால் காரணமும் சொல்ல முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. கெட்ட காற்று என்றார்கள். கடைசியில் 1809 வாக்கில் படை மூட்டை கட்டிக்கொண்டு மேட்டு நிலமான பெங்களூருக்கு வந்தது. ஆக, பெங்களூர் தண்டு பிறந்ததே ஒரு மருத்துவத் தோல்வியால். நோயைக் குணப்படுத்த முடியாமல் ஊரைக் காலி செய்தவர்களின் முகாம் அது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, பிளேக்குக்குப் பயந்து பழைய நகரமான பேட்டையின் வாசிகள் வீட்டைக் காலி செய்தபோது அதை 'அறியாமை' என்று பெயரிட்டு எழுதினார்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியம் எப்படி இருந்தது என்பதற்கு ஆர்தர் வெல்லெஸ்லியைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே மனிதர்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அங்கே படைத்தலைவராக இருந்தவர். 1801-இல் எகிப்துக்குப் புறப்பட இருந்த படையோடு பம்பாயில் இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. அது விட்டதும் உடம்பெல்லாம் சொறி. நைட்ரிக் அமிலம் கலந்த நீரில் குளிக்க வைத்தார்கள். துடைத்த துண்டு கருகும் அளவுக்கு அந்தத் தண்ணீர் கடுமையாக இருந்ததாம். உடல் தேறாததால் அவர் படையோடு போகவில்லை. அவர் ஏறியிருக்க வேண்டிய கப்பல் கடலில் மூழ்கிப் போனது. சொறியே அவர் உயிரைக் காப்பாற்றியது எனலாம். வைத்தியம் காப்பாற்றியதாக யாரும் சொல்லவில்லை.

தளபதிக்கே இந்தக் கதி என்றால் சிப்பாய்க்கு? இரத்தம் எடுப்பது, வாந்தி எடுக்க வைப்பது, பேதிக்குக் கொடுப்பது, அதற்கு மேல் பாதரசம். 1825-இல் வெப்பநாட்டு நோய்கள் பற்றிப் பெரிய நூல் எழுதிய மதராஸ் சர்ஜன் ஜேம்ஸ் ஆன்ஸ்லி, காலமல் என்ற பாதரச உப்பை ஒரே வேளைக்கு 20 கிரெய்ன் வரை கொடுப்பதைப் பரிந்துரைத்தவர். ஒரு கிராமுக்கும் மேல். பற்கள் ஆடி எச்சில் ஒழுகினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்! நம் சித்த வைத்தியர்களின் பாதரசச் செந்தூரத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம்.

எல்லைப்புறங்களில் 'வெள்ளை டாக்டர்' என்ற பட்டம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பதற்கு உலகின் மறுகோடியிலிருந்து ஓர் உதாரணம். கலிபோர்னியா மெக்சிகோவின் ஆளுகையில் இருந்த காலம், 1836. ஜான் மார்ஷ் என்ற அமெரிக்கர் லாஸ் ஏஞ்சலஸ் நகரசபையின் முன் போய், லத்தீன் மொழியில் இருந்த ஹார்வர்டு பட்டச் சான்றிதழை நீட்டினார். அது வெறும் பி.ஏ. பட்டம். அதை வாசிக்கத் தெரியாத சபை, மருத்துவராகத் தொழில் செய்ய அனுமதி கொடுத்துவிட்டது. மாட்டுத்தோலைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு மார்ஷ் வைத்தியம் பார்த்தார். மைசூருக்கு வந்தவர்கள் அந்த ரகம் இல்லை, படித்தவர்கள். ஆனால் படித்தது இங்கே எடுபடவில்லை என்பதை அவர்களே அறிந்திருந்தார்கள். அவர்களில் பலர் செடிகளின் பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். பெஞ்சமின் ஹெய்ன் பெங்களூர் லால்பாக்கைப் பார்த்துக்கொண்டார். ஷிமோகாப் பக்கம் சர்ஜனாக இருந்த ஹியூ கிளெக்ஹார்ன் பின்னாளில் காடுகளின் காவலராகப் பெயர் பெற்றார். எட்வர்ட் பால்ஃபர் மதராஸிலும் பெங்களூரிலும் அருங்காட்சியகம் அமைத்தார். நல்ல வேலைகள்தான், நோயாளியின் கட்டிலருகே நடந்தவை இல்லை.

இன்னொரு பக்கம், அவர்கள் இங்கிருந்து கற்றுக்கொண்டதை யாரும் சொல்வதில்லை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1792-இல், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராத்தியர் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். ஓராண்டு கழித்துப் புனே பக்கம் ஒருவர், மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத குலத்தொழில்காரர், நெற்றித் தோலைக் கீறி மடக்கி அவருக்குப் புதிய மூக்கு வைத்தார். தாமஸ் க்ரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் கூடவே நின்று பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்துடன் வெளியிட்டது. ஜோசப் கார்ப்யூ அதைப் படித்து, பிணங்களின் மேல் பழகிப் பார்த்து, 1814-இல் லண்டனில் அதே முறையில் அறுவை செய்தார். ஐரோப்பாவின் நவீன மூக்குச் சீரமைப்பு அங்கிருந்து வளர்ந்தது. கவாஸ்ஜியின் பெயர் நின்றது, கார்ப்யூவின் பெயர் நின்றது. மூக்கு வைத்த கையின் பெயரை அந்தப் பத்திரிகை எழுதவில்லை.

மருந்திலும் இதே கதைதான். கம்பெனி சர்ஜன் வைட்லா ஐன்ஸ்லி 1813-இல் மதராஸில் வெளியிட்ட 'மெட்டீரியா மெடிக்கா ஆஃப் ஹிந்துஸ்தான்' என்ற நூலைத் திறந்தால் மருந்துகளுக்குத் தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர், தக்கினிப் பெயர் என்று வரிசையாக நிற்கும். அகத்தியர் பெயரில் வழங்கும் தமிழ் வைத்திய நூல்களின் பட்டியலும் இருக்கும். பொழுதுபோக்குக்காக அவர் அதை எழுதவில்லை. கப்பலில் மாதக்கணக்கில் கிடந்து வீரியம் போன சீமை மருந்துக்குப் பதிலாக, உள்ளூர்க் கடையில் என்ன கிடைக்கும் என்று அடுத்த சர்ஜனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, அம்மைப்பால்? அது நிச்சயம் வெளியிலிருந்து வந்ததுதான். எட்வர்ட் ஜென்னரின் கண்டுபிடிப்பு பாக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்து, 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் முதலில் பலித்தது. அங்கிருந்து அது பரவிய விதத்தைக் கவனிக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத காலம். குப்பியில் வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எட்டு நாளில் அடுத்த குழந்தையின் கைக்கு மாற்ற வேண்டும். கையிலிருந்து கைக்கு, பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு. தென்னிந்தியா முழுவதும் தடுப்பு மருந்தைச் சுமந்து வந்த கொள்கலன் நம் ஏழைக் குழந்தைகளின் தோள். அந்தச் சங்கிலியில் இருந்த பிள்ளைகளில் பெயர் பதிவானவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மைசூரில் இந்தச் சங்கிலி அறுந்துபோகாமல் காத்தது யார்? இங்கேதான் ஓர் ஓவியம் சாட்சி சொல்ல வருகிறது. ஐரிஷ் ஓவியர் தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் மைசூரில் வரைந்தது. மூன்று பெண்கள் நிற்கிறார்கள். வெகுகாலம் இதை ராஜநர்த்தகிகளின் படம் என்றே சொல்லி வந்தார்கள். அரசவைப் பெண் என்றால் ஆடுபவளாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம்! வரலாற்றாளர் நைஜல் சான்சலர் அதை உற்றுப் பார்த்துவிட்டு வேறு சொன்னார். வலப்பக்கம் நிற்பவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளைய ராணி தேவாஜம்மணி. சேலையை ஒதுக்கி மேற்கையை, அதாவது அம்மை குத்திய இடத்தைக் காட்டுகிறார். இடப்பக்கம் இருப்பவர் மூத்த ராணி; மூக்கையும் வாயையும் சுற்றித் தோல் வெளுத்திருக்கிறது. அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஏற்றும் பழைய முறையின் தழும்பு அது. நடுவில் நிற்பவர் அரசரின் பாட்டியார் லக்ஷ்மம்மணியாக இருக்கலாம் என்பது சான்சலரின் கணிப்பு. அந்த அம்மையார் தன் கணவர் இரண்டாம் கிருஷ்ணராஜரை 1766-இல் அம்மைக்குப் பறிகொடுத்தவர். சான்சலரின் வாசிப்பு சரியென்றால் இது ஒரு விளம்பரப் படம். பழைய முறை இப்படி, புதிய முறை இப்படி. அரண்மனையே குத்திக்கொண்டது, நீங்களும் வாருங்கள்.

அரசகுலப் பெண்ணின் கை வெளியார் கண்ணில் படுவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. அதைப் படமாக வரைய விட்டது துணிச்சல். ஜென்னரின் நாட்டிலிருந்து வந்த எந்த சர்ஜனாலும், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும், இப்படி ஓர் அத்தாட்சியைத் தயாரித்திருக்க முடியாது. மைசூர்ச் சீமையிலேயே வாழ்ந்து வந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவாவும் ஆயிரக்கணக்கானோருக்கு அம்மை குத்தினார். அவரும் சர்ஜன் கிடையாது. உடையும் உணவும் மாற்றி ஊரோடு ஊராகப் பழகியவர். மக்கள் கையை நீட்டியது தெரிந்த முகத்துக்கு.

"ஆனாலும் மக்கள் எதிர்த்தார்களே?" எதிர்த்தார்கள். இங்கிலாந்திலும் எதிர்த்தார்கள். 1853-இல் அங்கே அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கினார்கள்; 1885-இல் லெஸ்டர் நகரில் அதை எதிர்த்துப் பெரும் ஊர்வலமே நடந்தது. இறுதியில் 1898-இல் பிரிட்டிஷ் அரசு இறங்கி வந்து, மனசாட்சி இடம் கொடுக்காதவர் தன் பிள்ளைக்குக் குத்தாமல் இருக்கலாம் என்று சட்டமே இயற்றியது. லெஸ்டர்காரர் மறுத்தால் மனசாட்சி. பேட்டைக்காரர் மறுத்தால் மூடநம்பிக்கை. பிளேக்கம்மன் கோவில்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: 1832-இல் காலரா பரவியபோது பிரிட்டன் முழுவதும் ஒரு நாள் உண்ணாநோன்பும் பிரார்த்தனையும் என்று அரசே அறிவித்தது.

இனி காசுக் கணக்கு. கொடைக் கதையில் மிக மெலிந்த இடம் இதுதான்.

1799 ஒப்பந்தப்படி மைசூர் அரசு கம்பெனிக்கு ஆண்டுதோறும் 7 லட்சம் வராகன் கட்ட வேண்டும். ரூபாயில் 24½ லட்சம். பின்னர் அது 35 லட்சமாக உயர்த்தப்பட்டு, சில ஆண்டு சலுகைக்குப் பின் 1896 முதல் வசூலானது. எதற்கு இந்தப் பணம்? மைசூரைப் 'பாதுகாக்கும்' படைக்கு. அந்தப் படையின் சர்ஜன் சம்பளத்தின் ஊற்று எங்கே என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 1831 முதல் 1881 வரை ஆங்கிலக் கமிஷனர்கள் நேரடியாக ஆண்டபோதும் நிர்வாகச் செலவு மைசூர் வருவாயிலிருந்தே போனது. கமிஷன் சர்ஜன் சார்ல்ஸ் இர்விங் ஸ்மித் 1847-இல் தொடங்கிய மனநலக் காப்பகம், இன்றைய நிம்ஹான்ஸின் முன்னோடி, அந்தக் காலத்தில் எழுந்ததே. கமிஷனர் லூயின் பௌரிங் பெயரைத் தாங்கும் ஆஸ்பத்திரி 1868-இல் பாரிஸின் லாரிபோசியர் மருத்துவமனையை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டது. மாதிரி பாரிஸ், பெயர் பௌரிங், வரி கட்டியவர் கேழ்வரகு விதைத்த விவசாயி.

அதே கமிஷன் ஆட்சியின் கடைசியில்தான் 1876–78 பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கும் மேல் இருந்த மைசூர் மக்கள்தொகை 1881-இல் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடங்களின் அழகைப் பாடுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பாட வேண்டும். நியாயத்துக்காக ஒரு வெள்ளை டாக்டரின் பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். பஞ்ச நிவாரண வேலைக்கு வருபவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று அரசின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தபோது, அது உடம்பு தாங்காத அளவு என்று மதராஸ் சுகாதாரக் கமிஷனர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் எழுத்து மூலம் சண்டை போட்டார். மருத்துவருக்கு உண்மை தெரிந்திருந்தது. அரசுக்குச் சிக்கனம் தெரிந்திருந்தது. இருவரையும் ஒரே 'வெள்ளைக்காரக் கருணை'யில் கட்டி வைப்பது கார்னிஷுக்கே அவமானம்.

ரொனால்ட் ராஸைச் சொல்லாமல் பெங்களூரில் இந்தப் பேச்சு முடியாது. 1883-இல் இளம் சர்ஜனாக இங்கே இருந்தபோது, தன் பங்களா ஜன்னலுக்கு அருகே இருந்த பீப்பாய்த் தண்ணீரில் கொசு பெருகுவதைக் கண்டு கவிழ்த்துவிட்டார், கொசு குறைந்தது. உணவுக்கூடத்தின் தொட்டிகளையும் கவிழ்க்கலாம் என்று அட்ஜுடன்டிடம் போய்ச் சொன்னார். அந்த அதிகாரி மறுத்துவிட்டார். இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கக்கூடாதாம். இதை எழுதி வைத்தவர் ராஸேதான். ஆக, தண்டிலேயே மலேரியாவுக்கு எதிரான எளிய யோசனையைத் தட்டிக் கழித்த மூடநம்பிக்கை எந்தப் பேட்டைவாசியுடையதும் அல்ல. 1895-இல் காலராவைக் கவனிக்க ராஸ் மறுபடி பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில், ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஒரு கடிக்கு ஓர் அணா என்று அந்த நோயாளிக்குக் கூலி. ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு. மேதைமையில் சந்தேகமில்லை, ஆனால் அந்தப் பரிசுக்கு உடம்பைக் கொடுத்தவர் ஹுசேன் கான். காலராவைப் பொறுத்தவரை, ஊருக்குள் குழாய் வழியே நல்ல தண்ணீர் வர வழி செய்தது திவான் சேஷாத்ரி ஐயர் காலத்து ஹெசரகட்டா திட்டம். 1896-இல் அது மைசூர் அரசின் செலவில் வந்தது.

இப்போது பிளேக். 1898 ஆகஸ்டில், ஹூப்ளி பக்கமிருந்து ரயில் வழியாக அது பெங்களூருக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு புனேயில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பட்டாளத்தை வீட்டுக்குள் விட்டுப் பெண்களைச் சோதனை போட்ட பிளேக் அதிகாரி ராண்டை, விக்டோரியா ராணியின் வைர விழா நாளான 1897 ஜூன் 22 அன்று சாப்பேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். அதே ஜூன் 22 அன்று பெங்களூரில், ரீஜென்ட் மகாராணி கெம்பநஞ்சம்மணி விக்டோரியா ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார். பெயர் ராணி விக்டோரியாவுடையது. அடிக்கல் நாட்டியவர் மூன்று ஆண்டுகள்கூட ஆகாத காலத்துக்கு முன் கணவர் சாமராஜேந்திர உடையாரைத் தொண்டை அடைப்பான் நோய்க்கு இழந்து, பாலகனான மகனுக்காக ஆட்சி நடத்திய கைம்பெண். 1900 டிசம்பரில் வைஸ்ராய் கர்சன் வந்து திறந்து வைத்தார். நாடா வெட்டியவரைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

பெங்களூர் பிளேக்கைச் சமாளித்த கைகள் எவை? பிளேக் கமிஷனர் வி. பி. மாதவ ராவ், கும்பகோணத்தில் பிறந்தவர். பின்னாளில் திருவிதாங்கூருக்கும் மைசூருக்கும் பரோடாவுக்கும் திவானாக இருந்தவர். பிளேக் முகாமின் பொறுப்பில் நின்றவர் டாக்டர் பத்மநாபன் பல்பு. இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பல்பு 1863-இல் திருவனந்தபுரம் பேட்டையில் ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். திருவிதாங்கூரின் மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை; காரணம் சாதி. கடன் வாங்கி மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பினார். வேலையும் கொடுக்கவில்லை; காரணம் அதேதான். மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. அம்மைப்பால் வேலையில் சேர்ந்தவர், 1898-இல் பிணங்களுக்கு நடுவே நின்றார். சொந்த ஊரில் நோயாளியின் நாடியைத் தொடத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர், அந்நிய ஊரில் யாரும் தொட அஞ்சிய உடம்புகளைத் தொட்டார். கேரளத்தின் சமூகச் சீர்திருத்தத் துறவி நாராயண குரு அனுப்பி வைத்த இளைஞர் குமாரன் ஆசான், பிற்காலத்தின் பெரும் மலையாளக் கவி, பல்புவின் ஆதரவில்தான் பெங்களூரில் சமஸ்கிருதம் படித்தார். பிளேக் வந்துதான் அந்தப் படிப்பு நின்றது. பிறகு பல்பு இங்கிலாந்து போய்ப் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பினார். 1903-இல் எஸ்.என்.டி.பி. யோகம் என்ற சமூகச் சீர்திருத்த அமைப்பு உருவாவதற்கு முன்னின்றார். கேரளத்தில் அவரைச் சமூகப் போராளியாகத் தெரியும். அவர் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த பெங்களூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருக்குக் கீழே இன்னும் பெயரில்லாத வரிசை இருக்கிறது. 1835-இல் தொடங்கிய மதராஸ் மருத்துவப் பள்ளியிலிருந்தும் படை ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்த டிரெஸ்ஸர்கள், கம்பவுண்டர்கள், அம்மை குத்துபவர்கள், வார்டு பையன்கள், ஆயாக்கள், குப்பையும் மலமும் அள்ளிய தோட்டிகள். தண்டுப் பகுதியில் இவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். நோயாளிக்கும் துரைக்கும் நடுவே மொழிபெயர்த்தவர்களும் அவர்களே. சர்ஜன் வார்டுக்குள் நடந்து வந்து நடந்து போனார். இரவு முழுக்க இருந்தவர் டிரெஸ்ஸர்.

மக்கள் ஓடியதைப் பற்றி. 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டிருந்தார். ஆனால் அது எலியிலிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது என்று அதிகாரிகளுக்குத் தெரியாது. எலித்தெள்ளு வழியே என்று 1898-இல் கராச்சியில் சோதித்துச் சொன்னவர் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பெரும்பாலோர் நம்பவில்லை. 1905-க்குப் பிறகு பம்பாயில் நடந்த ஆராய்ச்சிகள்தான் அதை உறுதி செய்தன. அதுவரை அரசு செய்தது என்ன? சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குக் கிருமிநாசினி, சாமான்களுக்குத் தீ, பயணிகளுக்குத் தடை. இவற்றில் எதுவும் தெள்ளைப் பெரிதாகத் தொடவில்லை. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்து வயலில் குடிசை போட்டுத் தங்குவது மட்டும் தெள்ளிடமிருந்து மனிதனைப் பிரித்தது. குமாயூன் மலைக்கிராமங்களில் அது நெடுநாள் வழக்கம். பின்னர் அரசுகளே அதை நல்ல வழி என்று ஏற்றன. பேட்டையை விட்டு ஓடியவர்கள் தெள்ளைப் பற்றி அறிந்து ஓடவில்லை என்பது சரி. கிருமிநாசினி தெளித்தவரும் அறிந்து தெளிக்கவில்லை.

மல்லேஸ்வரமும் பசவனகுடியும் பிளேக்கால் பிறந்தவை என்ற பேச்சுக்கும் ஒரு திருத்தம். பிளேக் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மைசூர் அரசு அந்த விரிவாக்கங்களைத் திட்டமிட்டுவிட்டது. பிளேக் ஆட்களை வேகமாக அங்கே தள்ளியது, அவ்வளவே. தண்டுப் பக்கத்தில் பிளேக்கை மனதில் வைத்து எழுந்த ஃப்ரேசர் டவுன் அதற்குப் பிறகுதான், 1910-இல், வருகிறது. காலக்கணக்கில்கூட இந்தக் கதை தடுமாறுகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு "எல்லாமே நம்மிடம் இருந்தது, வெள்ளைக்காரன் கெடுத்தான்" என்று எழுந்து நிற்பவர்களுக்கும் இங்கே இடமில்லை. அம்மைப் பொருக்கை மூக்கில் ஏற்றிய பழைய முறை, சிலருக்கு நோயையே முழுதாக வரவழைத்துக் கொன்றது. அதனால்தான் இளைய ராணி புதிய முறைக்குக் கையை நீட்டினார். மூக்கு வைக்கத் தெரிந்த கை சில குடும்பங்களுக்குள்ளேயே அடைந்து கிடந்தது. அதைப் பள்ளியாக வளர்க்க இங்கே யாரும் முன்வரவில்லை. பல்புவை வாசலில் நிறுத்தியது எந்த ஆங்கிலேயரும் இல்லை, நம் அரசும் நம் சாதியும். அவருக்குக் கதவைத் திறந்த மதராஸ் கல்லூரி கம்பெனி காலத்தில் தொடங்கியது. சுதேசி அரசு என்பதாலேயே மைசூர் நல்லது செய்துவிடவில்லை. திருவிதாங்கூரும் சுதேசி அரசுதான். நாடு, நிறம் என்று பிரித்து வைத்த இரண்டு கதைகளும் ஒரே தவற்றைச் செய்கின்றன: வேலை செய்த மனிதர்களை விட்டுவிட்டுக் கொடியைக் கும்பிடுகின்றன.

கொடைக் கதைக்கு இருக்கும் கடைசி ஊன்றுகோல், "தொடங்கி வைத்தது அவர்கள்தானே, இவர்கள் பின்தொடர்ந்தார்கள்" என்பது. அதற்கும் பதில் இருக்கிறது. 1930-இல் மைசூர் அரசு, பெங்களூரிலும் மைசூரிலும் இருந்த தன் முக்கிய ஆஸ்பத்திரிகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறக்க ஆணையிட்டது. உலகிலேயே ஓர் அரசு தானே முன்வந்து நடத்திய முதல் நிலையங்களாக அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். அப்போது லண்டனில் மேரி ஸ்டோப்ஸின் நிலையம் தனியார் பணத்தில் நடந்துகொண்டிருந்தது.